கார் எஞ்சின் ஆயில் மாத்துறது பத்தி யாங்கூன்ல நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வொர்க்‌ஷாப்புக்கு வர்றவங்க, கோயில்ல பாக்குறவங்க, ராத்திரி போன் பண்றவங்க எல்லாரும் திரும்பத் திரும்ப இதே சந்தேகத்தத்தான் கேக்குறாங்க. அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்விய வெச்சு பதில எழுதிட்டேன். கார் வெலையும் பார்ட்ஸ் வெலையும் இப்ப இருக்குற நெலமைல ஒரு எஞ்சின் போச்சுன்னா ஒரு குடும்பத்தோட பொழப்பே ஆடிப்போயிடும், டாக்ஸி ஓட்டுறவங்களுக்கு கேக்கவே வேணாம்.

ஆயில் மாத்தாட்டி என்னண்ணே ஆகும்? வண்டி நல்லாத்தான ஓடுது?

ஓடும், கொஞ்ச நாளைக்கு நல்லாவே ஓடும், அதுதான் ஆபத்து. எஞ்சின் உள்ள கிராங்க் ஷாஃப்டும் (பிஸ்டன் சுத்த வெக்கிற தண்டு) அத தாங்குற பேரிங்கும் நேரா ஒண்ணோட ஒண்ணு தொடுறதே இல்ல, நடுவுல முடிய விட மெல்லிசா ஒரு ஆயில் படலம் நிக்குது, அது மேலதான் எல்லாம் சுத்துது. உராயாம பாத்துக்குறது மட்டும் இல்ல, பிஸ்டன் சூட்ட எடுத்துட்டு வர்றது, கரிய கழுவிட்டு வர்றது, ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவுல அடைச்சு நிக்கிறது, துருப்பிடிக்காம காக்குறது இதெல்லாமும் அந்த மூணு நாலு லிட்டர் ஆயில்தான் பண்ணுது.

இது ஏன் கெட்டுப்போகுதுன்னா, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும். ஆவியா இருக்குறதால நமக்கு தெரியாது, பெரும்பாலும் சைலன்சர் வழியா போயிடும், ஆனா கொஞ்சம் பிஸ்டன் ரிங்க தாண்டி கீழ ஆயில்ல எறங்கும், கூடவே எரியாத பெட்ரோல், கரி, ஆசிட் எல்லாம் எறங்கும். ஆசிட்ட முறிக்கவும் அழுக்க ஒட்டாம மெதக்க வெக்கவும் ஆயில்ல மருந்து கலந்துதான் விக்கிறாங்க, அந்த மருந்து தீந்துட்டா ஆயில் இருந்தும் பிரயோஜனம் இல்ல. அப்புறம் சூட்டுல ஆயில் காத்தோட சேந்து கெட்டியாகி களிம்பா படியும், ஸ்லட்ஜுங்கறது அதத்தான். சம்ப்புல, அதாவது எஞ்சினுக்கு அடியில ஆயில் தங்குற தொட்டியில, ஆயில் உறிஞ்சுற எடத்துல ஒரு வலை இருக்கு, அத அது மூடிட்டா மேல இருக்குற கேம் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் ஆயில் போகாது. டக்கு டக்குன்னு சத்தம் கேட்டு நீங்க வண்டிய கொண்டு வர்றப்ப பேரிங் ஏற்கனவே தேஞ்சிருக்கும், அதுக்கப்புறம் எவ்ளோ நல்ல ஆயில் ஊத்தினாலும் தேஞ்ச இரும்பு திரும்பி வராது.

எத்தன கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்தணும்? ஒருத்தர் 3000ங்கறார், ஜப்பான் புக்குல 15,000னு போட்டிருக்காம்.

ஜப்பான் புக்குல இருக்குறது உண்மைதான். டொயோட்டா அங்க டர்போ (எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தி தள்ளுற பாகம்) இல்லாத பெட்ரோல் வண்டிக்கு 15,000 கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அதுன்னு சொல்லுது. ஆனா அதே பக்கத்துல இன்னொரு கட்டம் இருக்கும், அத யாரும் படிச்சு சொல்றது இல்ல. கடுமையான ஓட்டம்னா அதுல பாதி, அதாவது 7,500 இல்லன்னா ஆறு மாசம். டர்போ வண்டின்னா சாதாரண ஓட்டத்துக்கே 5,000 இல்லன்னா ஆறு மாசந்தான்.

கடுமையான ஓட்டம்னா காட்டுல மலையில ஓட்டுறதுன்னு நெனச்சுக்குறாங்க. அப்படி இல்ல, எட்டு கிலோமீட்டருக்கு உள்ள சின்னச் சின்ன ஓட்டம், ஊர்ந்து போறது, நின்ன எடத்துல எஞ்சின் ஓடுறது, குழி ரோடு, இதெல்லாந்தான் அந்த லிஸ்ட்ல இருக்கு. இப்ப சொல்லுங்க, ஹ்லெடான் சிக்னல்ல சாயங்காலம் ஏசிய போட்டுட்டு நிக்கிற வண்டிக்கு இதுல எது இல்ல? நின்னு எஞ்சின் ஓடுறப்ப மீட்டர் நகராது, ஆனா ஆயில் வேலை செஞ்சுகிட்டேதான் இருக்கும். ஃபோர்டு கம்பெனி போலீஸ் வண்டிக்கு போடுற கணக்குல ஒரு மணி நேரம் நின்னு ஓடினா 33 மைல் ஓடினதுக்கு சமம், அதாவது 50 கிலோமீட்டருக்கு மேல. டாக்ஸிக்காரர் ஒருத்தர் நாள் பூரா ஓட்டி அதுல ரெண்டு மணி நேரம் நிக்கிறார்னா தெனம் 100 கிலோமீட்டர் கணக்குல வராமலே போகுது.

அதனால யாங்கூன் ஓட்டத்துக்கு நான் சொல்றது 5,000 கிலோமீட்டர் இல்லன்னா ஆறு மாசம், டாக்ஸியா டர்போ வண்டியா இருந்தா 4,000லயே மாத்திடுங்க. வாராவாரம் மண்டலே எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஒரே சீரா ஓடுற வண்டிக்கு 7,000 வரைக்கும் போகலாம். தூர ஓட்டத்துல எஞ்சின் நல்லா சூடாகி ஆயில்ல இருக்குற தண்ணி ஆவியா போயிடும், அது ஆயிலுக்கு சொகமான ஓட்டம்.

நான் பஜாருக்கும் காளி கோயிலுக்கும்தான் எடுக்குறேன், வருஷத்துக்கு 2000 கூட ஓடாது. எனக்கும் மாத்தணுமா தம்பி?

மாத்தணும்மா, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கட்டாயம், நம்ம ஊர் ஈரத்துக்கு ஆறு மாசம்னா இன்னும் நல்லது. மேல சொன்ன சின்ன ஓட்டம் இதுதான். பசுண்டான்ல எடுத்து பத்து நிமிஷத்துல கோயில் வாசல்ல நிறுத்துறீங்க, அதுக்குள்ள ரேடியேட்டர் தண்ணி சூடாகும் ஆனா ஆயில் முழுசா சூடாகாது, உள்ள சேந்த தண்ணி வெளிய போகாம அங்கயே தங்கிடும். மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் மழை வேற. வாரத்துல ஒரு நாளாவது ஒரு அரை மணி நேரம் நிக்காம ஓட்டுங்க, தன்லின் பாலம் வரைக்கும் போயிட்டு வந்தாலே போதும்.

வீட்டு வாசல்ல நிறுத்தி வெச்சே அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைக்கிறாங்க பாருங்க, அது பேட்டரிக்கும் பத்தாது, ஆயிலுக்கும் கெடுதல்.

மாத்தி பத்து நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள கறுத்துப்போச்சு. ஏமாத்திட்டானா?

கறுப்ப வெச்சு மட்டும் ஒண்ணும் சொல்ல முடியாது. நல்ல ஆயில் உள்ள இருக்குற பழைய கரிய கழுவி எடுத்தா கறுக்கத்தான் செய்யும், டீசல் வண்டின்னா ஒரே நாள்ல மசி ஆயிடும், அது சகஜம். கறுப்பு இல்லங்கறதுக்காக ஆயில் நல்லா இருக்குன்னும் அர்த்தம் இல்ல, உள்ள மருந்து தீந்தது கண்ணுக்கு தெரியாது. கலர பாக்காதீங்க, தேதியையும் கிலோமீட்டரையும் பாருங்க. கேஜ்ல, அதாவது ஆயில் அளவு பாக்குற கம்பியில, எடுத்தா பெட்ரோல் வாசனை கப்புனு அடிக்குதா, மணல் மாதிரி நெறநெறங்குதா, பளபளன்னு இரும்புத்தூள் மின்னுதா, அப்பத்தான் உடனே காட்டணும்.

என்னோடது கேஸ் வண்டி. 8,000 ஓடியும் ஆயில் புதுசாட்டமே இருக்கு, ஏன் மாத்தணும்?

இப்பத்தான் சொன்னேன், கலர் பேசாது. சிஎன்ஜி எரிஞ்சா கரி ரொம்ப கம்மி, பெட்ரோல் மாதிரி ஆயில்ல கலந்து தண்ணியாக்காது, அதனால பாக்க சுத்தமா இருக்கும். ஆனா கேஸ் வண்டியில எரியுற சூடு ஜாஸ்தி, அந்த சூட்டுல காத்துல இருக்குற நைட்ரஜன் ஆக்சைடா மாறி ஆயில்ல சேரும், ஆயில் கொஞ்சம் கொஞ்சமா கெட்டியாகி பிஸ்டன்ல வார்னிஷ் மாதிரி படியும். கேஸ் டாக்ஸிக்கும் அதே 4,000தான். கேஸுக்கு மாத்துனப்ப வால்வு கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) பாக்காம விட்டவங்க ஆயில் மாத்த வர்றப்பவே அதையும் பாக்க சொல்லிடுங்க.

0டபிள்யூ-20 தண்ணியாட்டம் இருக்கு. நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 போட்டா எஞ்சின் நல்லா இருக்கும்னு சொல்றாங்களே?

இதுதான் வொர்க்‌ஷாப்புல தெனம் நடக்குற சண்டை. டபிள்யூக்கு முன்னாடி இருக்குற நம்பர் குளிர்ல எப்படி ஓடும்ங்கறது, பின்னாடி இருக்குறது 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்கும்ங்கறது. ஏப்ரல்ல வெளிய 40 டிகிரி அடிச்சாலும் எஞ்சின் உள்ள ஆயில் 90, 100, அதுக்கும் மேல போகும், அந்த சூடு ஜப்பான்லயும் கிட்டத்தட்ட அதேதான், கூலிங் சிஸ்டம் அத புடிச்சு வெச்சிருக்கு. அதனால நம்ம ஊர் வெயிலுங்கற ஒரே காரணத்துக்கு 20ல இருந்து 50க்கு தாவ வேண்டியது இல்ல.

ஃபிட், வேகன் ஆர் மாதிரி வண்டிங்கள்ல பேரிங் இடைவெளி கம்மி, ஆயில் போற துளை சின்னது, வால்வு டைமிங்க மாத்துறதே ஆயில் பிரஷர வெச்சுத்தான். அதுல 50 ஊத்தினா காலையில ஸ்டார்ட் பண்றப்ப ஆயில் மேல ஏற லேட்டாகும், எஞ்சின் தேயுறதுல பெரும் பங்கு ஸ்டார்ட் பண்ற அந்த நேரத்துலதான். வண்டி இழுக்காது, பெட்ரோலும் கூட குடிக்கும். ஒரு லட்சத்துக்கு மேல ஓடின ப்ரோபாக்ஸ், ஃபீல்டர், அதுல ஏசியோட டிராஃபிக் ஓட்டம்னா 5டபிள்யூ-30 சரியா இருக்கும், அந்த எஞ்சினுக்கு கம்பெனியே ஒத்துக்குற கிரேடு அது. தொண்ணூறுகள்ல வந்த பழைய கொரோலா, சன்னி, அதுல 10டபிள்யூ-40 போடலாம். 20டபிள்யூ-50ங்கறது ரொம்ப தேஞ்சு ஆயில் குடிக்கிற எஞ்சின இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுறதுக்கு, அது வைத்தியம் இல்ல.

வெல கூடுன ஃபுல் சிந்தெடிக் போட்டா ரெண்டு மடங்கு நாள் வருமா?

சிந்தெடிக் சூட்டுக்கு நல்லா தாங்கும், சீக்கிரம் கெட்டியாகாது, அது நெசம். ஆனா முதல் கேள்வியில சொன்ன தண்ணி, பெட்ரோல், ஆசிட் எறங்குறது எந்த ஆயில் ஊத்தினாலும் அதே அளவுதான் எறங்கும். மாத்த வேண்டிய நேரத்துக்கு மாத்துற சுமாரான ஆயில், ஒரு வருஷம் கெடக்குற ஒசந்த ஆயில விட எஞ்சினுக்கு நல்லதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன். காசு இருக்குறப்ப சிந்தெடிக் போட்டு இல்லாதப்ப தள்ளிப்போடுறத விட, டப்பாவுல ஏபிஐ எஸ்என் இல்லன்னா எஸ்பின்னு தரக்குறி போட்டிருக்குற சாதாரண ஆயில நேரத்துக்கு மாத்துங்க. எஸ்பி 2020ல வந்தது, அதுக்கப்புறம் 2025ல எஸ்க்யூ வந்துருக்கு. டர்போ வண்டிக்கு மட்டும் சிந்தெடிக்தான், அதுல பேச்சே இல்ல, டர்போ பேரிங் சூட்டுல சாதா ஆயில் கருகி கட்டியாயிடும்.

ஃபில்டர் ஒவ்வொரு தடவையும் மாத்தணுமா?

மாத்திடுங்க. ரெண்டு தடவைக்கு ஒண்ணுன்னு புக்குல சொல்றது ஜப்பான் ரோட்டுக்கு. ஃபில்டர் அடைச்சா எஞ்சினுக்கு ஆயில் நிக்கக்கூடாதுன்னு உள்ள ஒரு வால்வு தொறந்துக்கும், அப்புறம் வடிக்காத அழுக்கு ஆயில் நேரா பேரிங்குக்கு போகும். ட்ரெயின் போல்ட் வாஷரும் புதுசு போட சொல்லுங்க, அது காசே இல்ல.

ஜப்பான்ல இருந்து வந்த வண்டி, கதவு ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கு, ஒண்ணும் புரியல.

அது பெரும்பாலும் அங்க கடைசியா ஆயில் மாத்துன ஸ்டிக்கர், கிழிச்சு போட்டுடாதீங்க. கதவு சட்டத்துலயோ பானட்டுக்கு அடியிலயோ ஒட்டியிருக்கும். அதுல கிலோமீட்டர் இருக்கும், தேதி இருக்கும், ஆனா வருஷம் 29, 30னு சின்னதா இருந்தா அது அவங்க ராஜா காலத்து கணக்கு. ஹெய்செய்னா 1988ஐ கூட்டிக்கணும், அப்ப 29ன்னா 2017. 2019 மே மாசத்துல இருந்து ரேய்வா, அதுக்கு 2018ஐ கூட்டணும், 3ன்னா 2021.

இது எதுக்கு உதவும்னா, ஸ்டிக்கர்ல 98,000னு இருக்கு, மீட்டர் 62,000 காட்டுதுன்னு வெச்சுக்கோங்க, மீட்டர யாரோ சுத்தியிருக்காங்க. வண்டி வாங்குறப்ப முதல்ல இதத்தான் பாக்கணும். 2011க்கு அப்புறம் கப்பல் கப்பலா பழைய வண்டி எறங்குனதுல மீட்டர் சுத்துனதும் எத்தனையோ கலந்துருக்கு.

நடுவுல ஆயில் கொறையுது, கொஞ்சம் கொஞ்சமா ஊத்திகிட்டே இருந்தா மாத்த வேண்டாம்ல?

ஊத்தணும், ஆனா அது மாத்துனதுக்கு ஈடு ஆகாது. கெட்ட ஆயில், அழுக்கு, ஆசிட் எல்லாம் உள்ளயே நிக்குது, மேல கொஞ்சம் புது மருந்து சேருது, அவ்ளோதான். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கொறைஞ்சா பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கு, இல்ல எங்கயோ ஒழுகுது.

கேஜ் பாக்குறத பழக்கம் பண்ணிக்கோங்க, ஞாயித்துக்கெழம காலையில சம தரையில வண்டி நிக்குறப்ப, ஓட்டி நிறுத்துன பிற்பாடுன்னா ஒரு அஞ்சு நிமிஷம் விட்டு. ஒரு தடவ தொடைச்சு திரும்ப விட்டு எடுத்து பாருங்க. மேல் கோட்ட தாண்டியும் ஊத்தாதீங்க, கிராங்க் ஷாஃப்ட் ஆயில அடிச்சு நுரையாக்கிடும், நுரை பேரிங்க தாங்காது. ப்ரோபாக்ஸ் 1500 சிசிக்கு ஃபில்டரோட 3.7 லிட்டர், நாலு லிட்டர் டப்பா வாங்கி முழுசும் கவுத்துட்டு போறாங்க, அது தப்பு.

போலி ஆயில எப்படி கண்டுபிடிக்கிறது?

கண்ணால கண்டுபிடிக்கிறது கஷ்டம், நல்லா வடிச்ச பழைய ஆயில நெசமான டப்பாலயே அடைச்சு வித்தா யாருக்கும் தெரியாது. அதனால கடைய பாத்து வாங்குங்க, சந்தை வெலைய விட ரொம்ப கம்மியா குடுத்தா விட்டுடுங்க. மூடி வளையம் ஏற்கனவே ஒடஞ்சிருக்கா, உள்ள சீல் கோணலா ஒட்டியிருக்கா, டப்பாலயும் மூடியிலயும் இருக்குற பேட்ச் நம்பர் ஒத்துப்போகுதான்னு பாருங்க. உங்க கண்ணு முன்னாடி தொறக்க சொல்லுங்க, காலி டப்பாவ கடையில விட்டுட்டு வராதீங்க, கத்தியால கிழிச்சுட்டு போடுங்க, அந்த டப்பாதான் அடுத்தவனுக்கு போலியா போகுது.

பழைய வண்டி வாங்குனேன், மூடிய தொறந்தா தார் மாதிரி களிம்பு. ஃப்ளஷ் ஊத்தி கழுவிடலாமா?

வேண்டாம். முதல் பதில்ல சொன்ன வலை ஞாபகம் இருக்கா, இத்தன வருஷமா ஒட்டிகிட்டு இருந்த களிம்பு ஃப்ளஷ்ல ஒரேடியா பேந்து வந்து நேரா அந்த வலையிலதான் போய் அடைக்கும். கழுவுன மறுவாரமே எஞ்சின் புடிச்ச வண்டி உண்டு. பொறுமையா பண்ணுங்க, சாதாரண நல்ல ஆயில் ஊத்தி 1,000 கிலோமீட்டர்ல ஃபில்டரோட மாத்துங்க, திரும்ப 1,500, அப்புறம் 2,000, மூணு நாலு தடவைல கொஞ்சம் கொஞ்சமா கழுவி எடுத்துடும். ரொம்ப மோசம்னா சம்ப்ப கழட்டி வலையையும் கையால சுத்தம் பண்ணுறதுதான் சரியான வேலை. செலவு ஆகும், ஆனா கண்ணால பாத்து செய்யுற வேலை.

சிவப்பு ஆயில் லைட் எரியுது, வீடு பக்கந்தான், ஓட்டிட்டு போயிடவா?

போகாதீங்க, அந்த நிமிஷமே ஓரங்கட்டி எஞ்சின அணைங்க. அது ஆயில் அளவு லைட் இல்ல, பிரஷர் லைட், பிரஷர் கிட்டத்தட்ட போயிட்ட பிறகுதான் எரியும். ஒரு கிலோமீட்டர்லயே பேரிங் போயிடலாம். கேஜ் பாருங்க, கம்மியா இருந்தா ஊத்தி திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க, லைட் உடனே அணைஞ்சா மெதுவா வரலாம், அணையலன்னா கட்டி இழுத்துட்டு வாங்க. வளைவுல திரும்புறப்ப மட்டும் மினுக்குதுன்னா ஆயில் ரொம்ப கொறஞ்சிருக்கு.

மழைத்தண்ணியில வண்டிய விட்டுட்டேன், இப்ப ஆயில் டீக்கடை பால் டீ கலர்ல இருக்கு.

தண்ணி கலந்துருக்கு, ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. ஏர் ஃபில்டர் வழியா தண்ணி சிலிண்டருக்கு போயிருந்தா ஸ்டார்ட் பண்றப்ப கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். முதல்ல பிளக்க கழட்டி பாக்கணும், ஆயில வடிச்சு ஃபில்டரோட புதுசு ஊத்தி, கொஞ்ச நேரம் ஓட்டி திரும்ப வடிக்கணும், கலர் தெளியுற வரைக்கும். வெள்ளத்துக்கே போகாத வண்டியில இந்த கலர் வந்தா ஹெட் கேஸ்கெட்ட (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல அடைச்சு நிக்கிற தகடு) பாருங்க, ரேடியேட்டர் தண்ணி கொறையுதான்னும் பாருங்க. மூடிக்கு அடியில மட்டும் லேசா வெள்ளையா படிஞ்சிருந்தா பயப்பட வேண்டாம், அது பஜார் ஓட்டத்தோட ஈரந்தான்.

கரண்டு போற நேரம் ஓட்டுற சின்ன ஜெனரேட்டருக்கும் ஆயில் மாத்தணுமா?

கார விட அதுக்குத்தான் அவசரம். அதுல ஆயில் அரை லிட்டரோ அதுக்கு கொஞ்சம் மேலயோதான், ஃபில்டரே கெடையாது, காத்துலதான் ஆறுது. புதுசுல முதல் 20 மணி நேரத்துல ஒரு தடவ, அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னுதான் பெரும்பாலும் புக்குல போட்டிருக்கும். தெனம் அஞ்சு மணி நேரம் ஓட்டுறீங்கன்னா இருபது நாள்ல 100 மணி வந்துடும், ஆனா வருஷக்கணக்குல மாத்தாம ஓட்டுறாங்க, ராடு ஒடஞ்சு வெளிய வந்த பிறகு தூக்கிட்டு வர்றாங்க. செவுத்துல ஒரு சாக்பீஸால மணிய எழுதி வைங்க. இன்னொண்ணு, வீட்டுக்குள்ள, சன்னலுக்கு அடியில, மாடிப்படியில வெச்சு ஓட்டாதீங்க, அந்த புகையில இருக்குற கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாம ஆள கொன்னுடும்.

பெகுல தம்பி பைக் ஓட்டுறான். மிச்சமான கார் ஆயில அவனுக்கு குடுக்கலாமா?

கியர் பைக்குக்கு குடுக்காதீங்க. அதுல கிளட்ச் எஞ்சின் ஆயில்லயே முங்கி ஓடுது, கார் ஆயில்ல வழுக்குறதுக்கு சேத்த மருந்து கிளட்ச்சயும் வழுக்க வெச்சுடும். டப்பாவுல பைக் ஆயிலுக்கான ஜப்பான் தரக்குறி, ஜாசோ எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு இருக்கணும். மிச்சத்த மூடி வெச்சா உங்க கேஜ் கொறையுறப்ப ஊத்திக்கலாம்.

வடிச்ச பழைய ஆயில மரத்தூணுக்கு பூசலாமா? கரையானுக்கு நல்லதுன்னு சொல்றாங்க.

பூசாதீங்க. நம்ம ஊர்ல மரவீட்டுக்கு காலங்காலமா பூசுறது பூமியில இருந்து எடுத்த கச்சா எண்ணெய், யெனாஞ்சாவ்ங்ல கையால கெணறு தோண்டி எடுத்த காலத்துல இருந்தே இருக்குற பழக்கம். வடிச்ச எஞ்சின் ஆயில் வேற, அதுல தேஞ்ச உலோகமும் கேன்சர் வரவைக்கிற கரிச்சத்தும் சேந்துருக்கு, அத புள்ளைங்க சாயுற தூணுல பூசுறது சரியில்ல. கையில பட்டாலே சோப்பு போட்டு கழுவணும்.

சாக்கடையிலயும் ஊத்தாதீங்க, ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணிய கெடுக்கும்னு சொல்லுவாங்க, மழை பேஞ்சா அந்த சாக்கடை நம்ம வாசலுக்குத்தான் வருது. பழைய டப்பாவுலயே ஊத்தி இறுக்கமா மூடி வொர்க்‌ஷாப்புல குடுங்க, பீப்பாயில சேத்து வெச்சு எடுக்குறவங்க வந்து எடுத்துட்டு போவாங்க. அதுல பெட்ரோலோ தண்ணியோ கலந்துடாதீங்க, கலந்தா அவங்க எடுக்க மாட்டாங்க.